ராசாத்தியக்காவுக்காக ஒரு சஸ்பென்ஷன்

தனப்பிரியாவின் காரில் ஏறினால் ரோட்டில் கிடக்கும் தீக்குச்சிகளை முதுகெலும்பாலேயே எண்ணிவிடலாம். இதைச் சொன்னவள் ராசாத்தி. திருச்செங்கோட்டிலிருந்து நாமக்கல்லுக்கு, கோழித்தீவனம் சோதிக்கும் ஆய்வகத்துக்கு, இருவரும் தினமும் அந்தப் பழைய சின்னக் காரில்தான் போய்வந்தார்கள். ராசாத்திக்கு இப்போது ஏழாம் மாதம்.

வெள்ளிக்கிழமை இறங்கும்போது அவள் சொன்னாள்: "கோச்சுக்காத தனா. திங்கக்கெழமையிலிருந்து நான் பஸ்ஸுல வந்துக்கறேன். டாக்டரம்மா குலுங்கக் கூடாதுங்கறாங்க."

"சரிங்கக்கா" என்றாள் தனப்பிரியா. ஆய்வகத்தில் பதினொரு பேர் இருந்தும் அவள் வாய் திறந்து பேசுவது இந்த ஒருத்தியிடம்தான். அதுவும் காருக்குள், கண் ரோட்டில் இருக்கும்போது மட்டும். ராசாத்தி பஸ்ஸுக்குப் போய்விட்டால் தன் குரல் எப்படியிருக்கும் என்று தனக்கே மறந்துவிடும் என அவளுக்குத் தோன்றியது.

ஆகவே காரின் குலுக்கலைத் தாங்கும் சஸ்பென்ஷனை மாற்றுவதா வேண்டாமா என்று இரண்டு நாளில் முடிவுசெய்ய வேண்டும். பி.எஸ்சி. இயற்பியல் படித்தவள் மெக்கானிக்கிடம் வெறுங்கையோடு போவாளா? சனிக்கிழமை அப்பாவைப் பின்சீட்டில் உட்காரவைத்து, வண்டி எத்தனை சென்டிமீட்டர் இறங்குகிறது என்று ஸ்கேலால் அளந்தாள். "எறங்கலாமா சாமி?" என்று அவர் இரண்டு முறை கேட்டார். மூன்று பக்கம் கணக்குப் போட்டதில், ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்று விடை வந்தது. அதற்குக் கீழே இரட்டைக் கோடும் போட்டாள்.

ஞாயிறு காலை, மெக்கானிக் சென்னியப்பன் அந்தக் காகிதங்களை மரியாதையாக வாங்கிப் பார்த்து, பானட்டின் மேல் வைத்தார். பிறகு வண்டியின் ஒரு மூலையை இரண்டு கைகளாலும் அழுத்திவிட்டார். அது ஒரு தடவை எழும்பி, அமைதியாக நின்றது.

"ஷாக்கெல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க அம்மிணி."

அடுத்து டயரை உதைத்தார். உதைத்த காலை உதறிக்கொண்டார். "காத்து எங்கீங்க புடிக்கறீங்க?"

"பைபாஸ்ல, லாரி டயர் கடையிலங்க."

"எத்தன வெக்கச் சொன்னீங்க?"

அவள் எதுவுமே சொன்னதில்லை. போன வருடம் முதல்முறை போனபோது, பின்சீட்டில் கிடந்த தீவன மூட்டையைப் பார்த்துக் கடைக்காரர் லாரிக்காரர்களிடம் கேட்பதையே அவளிடமும் கேட்டார்: "லோடு ஏத்துவீங்களா?" அது லோடு அல்ல, சோதனைக்கு எடுத்த மாதிரி என்று விளக்க நான்கு வாக்கியமாவது வேண்டும். அவள் தலையாட்டிவிட்டாள். அன்றிலிருந்து வாராவாரம் அவர் லோடு வண்டிக்கு வைக்கும் அளவிலேயே காற்றடித்தார். அவளும் வாராவாரம் தலையாட்டினாள்.

"அம்பதுக்கு மேல வெச்சிருக்காப்புல" என்றார் சென்னியப்பன், அளந்து பார்த்து. "இதுக்கு முப்பது போதுமுங்க. டயரு கல்லாட்டம் இருந்தாக் குலுங்கத்தானுங்க செய்யும்."

காற்று சீறிக்கொண்டு இறங்கியது. பானட்டின் மேலிருந்த கணக்கின் இரண்டாவது வரி தனப்பிரியாவின் கண்ணில் பட்டது. அவள் கையெழுத்துதான்: ‘டயரின் விறைப்பைப் புறக்கணிக்கலாம் எனக் கொள்க.’

"புதுசாப் போட்டே ஆகோணும்னா போட்டுத் தாரேனுங்க. ஆனாத் தேவையில்ல."

போடுங்கள் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சஸ்பென்ஷனையே மாற்றினேன் என்றால் ராசாத்தியக்காவிடம் எவ்வளவு கௌரவம். வெறும் காற்று என்றால், இத்தனை நாள் வயிற்றுப்பிள்ளையைக் குலுக்கியது தன் தலையாட்டல்தான் என்பதையும் சொல்ல வேண்டும்.

"வேண்டாங்க" என்றாள். அவருக்குக் கேட்கவில்லை. இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருந்தது.

அன்று சாயங்காலம் ராசாத்திக்குச் செய்தி அனுப்பினாள். ஆறு முறை எழுதி அழித்த பிறகு மிஞ்சியது இதுதான்: ‘நாளைக்கு மட்டும் வந்து பாருங்கக்கா. குலுங்கினால் நானே பஸ் ஏற்றிவிடுகிறேன்.’

திங்கட்கிழமை, முதல் வேகத்தடை வந்ததும் ராசாத்தி வழக்கம்போல் கதவுக்கு மேலிருந்த பிடியைப் பற்றிக் கண்ணை மூடினாள். வண்டி ஏறி இறங்கியது. அவள் ஒரு கண்ணைத் திறந்தாள்.

"என்ன புள்ள மாத்துன?"

"காத்துங்கக்கா."

பிறகு லாரி டயர் கடையிலிருந்து இரட்டைக் கோடு வரை எல்லாவற்றையும் சொன்னாள். ராசாத்தி பிடியிலிருந்து மெல்லக் கையை எடுத்தாள். இரண்டு கோழிப்பண்ணைகள் கடந்துபோயின.

"ஒரு வருசமாவா?" என்றாள்.

தனப்பிரியா தலையாட்டினாள்.

"இப்பவும் ஆட்டறா பாரு" என்று ராசாத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நெடுநேரம் சிரித்து, முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "ரோட்டுல குலுங்குனத விட இதுலதான் பாப்பா ரொம்பக் குலுங்குது. நாளைக்கு எட்டேகாலுக்கு வந்துரு. பஸ்ஸுன்னா ஏழு மணிக்கே கெளம்போணும்."