உளுந்து வயலுக்கு மேலே வந்த வளையம்

கிட்ட வாங்க கண்ணுகளா, விசிறியை அந்தக் கைப்பிள்ளை பக்கம் திருப்பி வைங்க. ஆகாயத்தில் வந்தவங்களை ஒருத்தி தரையில் நின்னே திருப்பி அனுப்பின கதை ஒண்ணு இருக்கு, சொல்றேன்.

ஒரத்தநாட்டுக்குக் கிழக்கே ஒரு ஊர். அங்கே அம்சவல்லிக்கு மூணு மா நிலம், ஏக்கர் கணக்கில் ஒண்ணு தேறும். மிராசு வீட்டில் கூலிக்கு நடவு நட்ட குடும்பம் அவளுடையது. நில உச்சவரம்புச் சட்டத்தில் மிராசிடமிருந்து எடுத்த நிலத்துக்குப் பட்டா கேட்டு அவள் மாமனார் ஜெயிலுக்கே போனார். கோட்டையில் கட்சி மாறி மாறி வந்தது. பட்டா வருவதற்குள் மனுஷன் கிழவனாகிவிட்டார்.

ஒரு வருஷம் மாசியில், சம்பா அறுத்த வயலில் உளுந்து பூத்து நிற்கும்போது, அக்கம்பக்கத்து ஊர்களில் ஒரு ஹெலிகாப்டர் தாழப் பறந்தது. அதன் அடியில் கல்யாணப் பந்தல் அகலத்துக்கு ஒரு வளையம் தொங்கியது. அதில் மின்சாரத்தை விட்டு விட்டு நிறுத்துவார்களாம். அந்தத் துடிப்புக்கு மண்ணுக்குள்ளிருந்து வரும் பதிலை வைத்து, எங்கே களி, எங்கே மணல், எங்கே உப்புத்தண்ணி என்று படம் போட்டுவிடுவார்களாம்.

வயலுக்கு அடியிலிருந்து மீத்தேன் கேஸ் எடுக்கப் போகிறார்கள் என்று டெல்டாவே கொதித்துக் கிடந்த வருஷம் அது. ஜீப்பில் வந்து இறங்கிய சர்வே அதிகாரி நாகநாதனிடம் அம்சவல்லி கேட்டாள்: "தண்ணி தேடுறீங்களா, கேஸ் தேடுறீங்களா?"

"எந்தக் கோட்டுல பறக்கணும்கிறது மட்டும்தாம்மா எனக்குத் தெரியும். படம் யாருக்குப் போகுதுன்னு மேலதான் கேக்கணும். சும்மா பாத்துட்டுப் போயிடுவோம்."

"பொண்ணு பாக்க வர்றவங்களும் அப்படித்தான் சார் சொல்லுவாங்க" என்றாள் பக்கத்து வயல்காரி நஃபீசா. "அப்புறம் எத்தனை பவுன்னு ஆரம்பிப்பாங்க."

நாகநாதன் கும்பிட்டார். "நாளைக்குக் காலையில மட்டும் யாரும் வயல்ல நிக்காதீங்கம்மா. ஆள் தலைக்கு மேல வளையம் போகக் கூடாதுன்னு விதி. உசரத் தூக்கிட்டா படம் சரியா விழாது."

அம்சவல்லி நஃபீசாவைப் பார்த்தாள். நஃபீசா சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சாயங்காலத்துக்குள் பேச்சு பரவி, ஆளுங்கட்சி ஒன்றியச் செயலாளர் மாரியப்பன் வந்தார். "நம்ம ஆட்சியில நாமளே மறிக்கலாமா தங்கச்சி? பட்டா கொடுத்தது யாரு?"

"நீங்க எங்கண்ணே கொடுத்தீங்க? நாங்கதானே போராடி வாங்குனோம்!"

விடிந்ததும் வயலுக்கு ஒருத்தியாகப் பெண்கள் இறங்கிவிட்டார்கள். முட்டிவலிக்கார பூவம்மாள் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிவந்து உளுந்துக்கு நடுவே போட்டு உட்கார்ந்தாள். ஹெலிகாப்டர் இரைச்சலோடு வந்தது. வளையம் நேரே அம்சவல்லியை நோக்கி வளர்ந்துகொண்டே வந்தது. அவள் இடுப்பில் கைவைத்து அண்ணாந்தபடியே நின்றாள்.

வளையம் மேலே ஏறியது. நஃபீசா வயலைப் பார்த்துத் திரும்பியது; அங்கேயும் ஏறியது. பூவம்மாள் உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை ஆட்டி, "போயிட்டு வா ராசா" என்றாள். ஹெலிகாப்டர் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கடல் பக்கம் போயே போய்விட்டது.

நாகநாதன் வரப்பில் தடுமாறி அம்சவல்லியிடம் வந்தார். "இப்ப என்னம்மா செய்யச் சொல்றீங்க?"

"தாசில்தாரைக் கூட்டிட்டு கிராமசபைக்கு வாங்க. எதுக்கு, யாருக்குன்னு எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. தண்ணிக்குன்னா நாங்களே ஒதுங்கிக்கிறோம். கேஸுக்குன்னா, இந்த இடத்தைவிட்டு நகர மாட்டோம்."

அவர் போனைக் காதில் வைத்தபடி ஜீப்புக்கு நடந்தார். அம்சவல்லி குனிந்து களை பிடுங்க ஆரம்பித்தாள்.

உங்க அடுப்பில் எந்நாளும் சோறு பொங்கட்டும் செல்லங்களா. வாசலில் எப்பேர்ப்பட்டவன் வந்து நின்னாலும், எதுக்கு வந்தேன்னு கேக்கிற தெம்பு உங்க வீட்டில் ஒவ்வொருத்தருக்கும் இருக்கட்டும்.