இருபத்திரண்டு முறை பார்த்த நாடகம்

பழைய இசை நாடகத்தைத் திரும்ப மேடையேற்றுகிறேன் என்று எவராவது கிளம்பினால் நான் உடனே சண்டைக்குத் தயாராகிவிடுவேன். சும்மா சொல்லவில்லை, பட்டிருக்கிறேன். ஒருத்தர் எல்லாப் பாட்டுக்கும் வேகத்தைக் கூட்டினார். கேட்டால் இந்தக் காலத்து ஆட்களுக்குப் பொறுமை இல்லையாம். இன்னொருத்தர் கதாநாயகி சாகிற கட்டத்தில் பின்னால் பெரிய திரையில் மழையை ஓட்டினார். அவள் சாகிறாளா, குடை வாங்கப் போகிறாளா என்றே தெரியவில்லை. மூன்றாவது ஆள் பாட்டையெல்லாம் எடுத்துவிட்டு வசனமாக்கி, அதையும் இசை நாடகம் என்றே விளம்பரம் செய்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். உங்களுக்குப் பாட வரவில்லை என்றால் பழைய நாடகம் என்ன பாவம் செய்தது? இருந்ததை இருந்தபடி கொடுங்கள், முடியாவிட்டால் கை வைக்காதீர்கள். இதுதான் என் கட்சி. இதை முப்பது வருஷமாக எழுதியும் பேசியும் வருகிறேன்.

எனக்குத் தொழில் பல் செட் செய்வது. மருத்துவர் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார். நான் அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பற்களை அடுக்கி, செட்டாகச் செய்து கொடுப்பேன். ஒரு பல் ஒரு நூல் உயர்ந்தால் போதும், போட்டுக்கொண்டவரால் சாப்பிட முடியாது, திட்டு எனக்குத்தான். அந்தப் புத்தி நாடகத்திலும் வந்துவிட்டது. தங்கை என்னை ‘அளவுகோல்’ என்பாள். கோபம் வந்தால் ‘அளவுகோல் அம்மா’.

நான் உயிராக நினைத்த நாடகம் ஒன்று உண்டு. ‘அக்கரை மணி’ என்று பெயர். இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்பு நாலே நாலு மாதம் ஓடியது. ஒரு படகுத்துறை, அதை நடத்துகிற ஒரு பெண். அவள் புருஷன் அக்கரைக்குப் போனவன் திரும்பவே இல்லை. அவனைக் கூப்பிடத் துறையில் தினமும் மணி அடிக்கும். கடைசிக் காட்சியில் மணி இரண்டு தடவை அடிக்கும், பிறகு நின்றுவிடும். துறைக்காரி நம்மைப் பார்க்காமல் வலது பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “நீ ஒருத்தன் போதும் எனக்கு” என்று பாடுவாள். கையை நீட்டுவாள். அங்கே ஒன்றுமே இருக்காது. விளக்கு அணைந்துவிடும். போய்ச் சேர்ந்த புருஷனை, வெறும் காற்றைப் பார்த்து நீ போதும் என்கிறாளே என்று எனக்கு நெஞ்சு வெடித்துவிடும். இருபத்திரண்டு முறை பார்த்தேன், இருபத்திரண்டு முறையும் அழுதேன். ஒரே சீட்டில் உட்கார்ந்துதான் பார்த்தேன். மூன்றாவது வரிசை, இடது ஓரம், தூணை ஒட்டின மாதிரி. முதல் நாள் அதுதான் கிடைத்தது. பிறகு சீட்டை மாற்றினால் அந்த அழுகை வராமல் போய்விடுமோ என்று பயம்.

அழுது முடித்து வெளியே வந்தால் மற்றவர்கள் எல்லாம் சிரித்த முகமாகப் போய்க்கொண்டிருப்பார்கள். கல்நெஞ்சுக்காரர்கள், நாடகம் பார்க்கத் தெரியாத ஜென்மங்கள் என்று மனசுக்குள் திட்டுவேன். நாடகத்துக்கென்றே அப்போது ஒரு மாதப் பத்திரிகை வந்துகொண்டிருந்தது. அந்தக் கடைசிக் காட்சியைப் பற்றி மட்டும் அதில் ஏழு கட்டுரை எழுதினேன். நடித்த ஒவ்வொருவரைப் பற்றியும் எழுதினேன். மீன்கூடையோடு வந்து இரண்டே வரி பாடிவிட்டுப் போன பெண்ணைக்கூட விடவில்லை.

அதை ஓர் இளம் பெண் திரும்ப மேடையேற்றப் போகிறாள் என்று கேள்விப்பட்டதும் சண்டைக்குத்தான் போனேன். அவளோ எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வாங்கக்கா, நானே உங்களத் தேடிக்கிட்டிருந்தேன்.”

பழைய இயக்குநரும் துறைக்காரியாக நடித்தவரும் காலமாகிவிட்டார்கள். நாடகப் பிரதி வெள்ளத்தில் போய்விட்டது. மிஞ்சியது பாட்டும் வசனமும் பதிவான ஒரு கேசட். அதைவிட்டால் என்னுடைய பதினொரு நோட்டுகள். யார் எந்தப் பாட்டில் எத்தனை அடி நடந்தார்கள், எங்கே மூச்சு வாங்கினார்கள், எல்லாம் அதில் இருந்தது.

“ஒரு புள்ளி மாறக் கூடாது” என்றேன்.

“மாறாதுக்கா. இனிமே உங்க நோட்டுதான் எனக்கு வேதம்.”

போஸ்டரில் ‘அச்சு அசல்’ என்று பெரிதாகப் போட்டார்கள். ஒன்றைக் கேட்டு வாங்கி வேலை மேசைக்கு எதிரே ஒட்டிக்கொண்டேன். அந்த நாடகம் ஒரு மயிரிழை குறையாமல் முழுசாகத் திரும்பி வர வேண்டும். எனக்கு வேறு ஆசையே கிடையாது என்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

முதல் காட்சிக்கு மூன்று நாள் முன்பு, காலை பதினொரு மணிக்கு, உடையலங்காரத்தோடு முழு ஒத்திகை. பழைய குழுவில் யாராவது இருந்தால் வரலாம் என்று இயக்குநர் அறிவித்திருந்தாள். வந்தவர் ஒரே ஒருத்தர். எழுபது தாண்டிய மனிதர், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, கூடவே மகள்.

“அப்பா இதுல நடிச்சிருக்காங்க. நான் அப்ப கைக்குழந்தை” என்றாள் மகள். “அவங்க வேஷத்த ஒரு தடவ கண்ணால பாத்துடணும்னுதான் நாலு மணி நேரம் பஸ்ல வந்தோம்.”

எனக்கு அவர் முகம் பிடிபடவில்லை. வயசாகி மாறியிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஒத்திகை என்றால் அப்படி ஒரு ஒத்திகை! பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்தவள் ஒரு குறைகூடக் குறிக்கவில்லை. வாத்தியக்காரர் ஒருவர் சரியான இடங்களில் மணி அடித்தார். கடைசியில் துறைக்காரி வெறுங்காற்றுக்குக் கையை நீட்ட, விளக்கு அணைய, நான் வழக்கம்போல அழுதேன். கூட வந்திருந்த தங்கை கைக்குட்டையை எடுத்து நீட்டினாள்.

விளக்கு வந்தது. அந்தப் பெரியவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

“மணிக்காரன் எங்கம்மா?”

இயக்குநர் திரும்பிப் பார்த்தாள். “எந்த மணிக்காரன், ஐயா?”

“மேல நிப்பானே, பரண்ல. மணி அடிக்கிற ஊமை. நான்தான் அது.”

எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறிவிட்டது. “அப்படி ஒரு வேஷமே கிடையாது” என்றேன். “மணி அடிச்சது வாத்தியக் கோஷ்டி. இருபத்திரண்டு தடவ பாத்தவ சொல்றேன். நீங்க வேற எதோ நாடகத்தப் போட்டுக் குழப்பிக்கிறீங்க.”

மகளின் முகம் சுண்டிப்போனது. அவர் பதிலுக்குச் சண்டை போடவில்லை. மெதுவாகப் படியேறி, மேடையின் வலது மூலையில் போய் நின்றார்.

“இந்த இடம். பத்தடி உயரத்துல பரண். முதல் காட்சிலேருந்து கடைசி வரைக்கும் நான் அதுலதான் நிப்பேன். அவ புருஷன் வரமாட்டான்னு தெரிஞ்சும், அவ மனசு உடையக் கூடாதுன்னு தெனமும் மணி அடிக்கிறவன். வசனம் கிடையாது, பாட்டு கிடையாது. கடைசிப் பாட்டு அவங்க எனக்குத்தான் பாடுவாங்க. ரெண்டு மணி அடிச்சுட்டு கயித்த விட்டுடுவேன். அவங்க கைய நீட்டுவாங்க, நானும் நீட்டுவேன். விளக்கு அணைஞ்சிடும். ஜனங்க அப்படிக் கைதட்டுவாங்க! அப்பவும் மணிக்காரன் கீழ இறங்கக் கூடாதுன்னு உத்தரவு. மேலயே நின்னு கும்பிடுவேன்.”

இயக்குநர் நோட்டுகளைப் புரட்டினாள். “உங்க நோட்டுல இல்லையேக்கா.”

“இல்லாதத எப்படி எழுதுவேன்?”

தங்கை என் முழங்கையைத் தொட்டாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்: “அக்கா, உன் சீட்டு அந்தத் தூணுக்குப் பின்னாடிதானே? அங்கேருந்து வலது மூலை தெரியுமா?”

பகீர் என்றது. தெரியாது. தூணுக்கு அந்தப் பக்கம் மேடையில் மூன்றில் ஒரு பங்கு எனக்குத் தெரியாது. அங்கே என்ன இருந்துவிடப் போகிறது, தட்டியும் திரைச்சீலையும்தானே என்று இருந்துவிட்டேன். ஒரு நாள் பக்கத்து சீட்டுக்காரர், “மேல நிக்கிறவர் பிரமாதம், இல்ல?” என்றார். “நாடகத்தப் பாருங்க சார், மேல என்ன பார்வை?” என்று நான் அவர் வாயை அடைத்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். நான் ஒரு முழு மனுஷனைத் தூணில் மறைத்திருக்கிறேன்.

அது மட்டுமா? அவள் காற்றுக்குப் பாடவில்லை. எதிரே நிற்கிறவனைப் பார்த்து, நீ போதும் என்றிருக்கிறாள். அதனால்தான் சனங்கள் சிரித்துக்கொண்டு போனார்கள். சுபமாக முடிந்த நாடகத்துக்கு நான் இருபத்தெட்டு வருஷமாக ஒப்பாரி வைத்திருக்கிறேன். அடக் கடவுளே, ஏழு கட்டுரை!

“ஐயா, கேசட்டுலயும் நீங்க இல்ல, அக்கா நோட்டுலயும் இல்ல” என்று இயக்குநர் தயங்கினாள். “மூணு நாள்தான் இருக்கு. இப்ப போய்...”

பேசாமல் இருந்துவிட்டால் ஒருவருக்கும் தெரியாது என்று ஒரு நினைப்பு வந்தது. வந்தது உண்மை, மறைக்க மாட்டேன். தங்கை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியவர் மேடையிலிருந்து இறங்கி என் முன்னால் வந்து நின்றார்.

“அந்தப் பத்திரிகைல எழுதினது நீங்கதானாம்மா?”

“ஆமா.”

“மாசாமாசம் வாங்கிடுவேன். எல்லாரையும் எழுதினீங்க. மீன்கூடைக்காரியக்கூட எழுதினீங்க. அடுத்த மாசம் எனக்கு ஒரு வரி வரும்னு பாப்பேன். வரல. அப்புறம்தான் புரிஞ்சுது. மோசமா பண்ணவங்கள நீங்க திட்டி எழுதுவீங்க. திட்டுறதுக்குக்கூட லாயக்கில்லாம பண்ணிருக்கேன்னு.” கசப்பே இல்லாமல், சாதாரணமாகத்தான் சொன்னார். “அதோட மேடைய விட்டுட்டேன். இப்ப அந்த வேஷத்தையே எடுத்துட்டீங்க. சரிதாம்மா. இல்லாமலே நாடகம் நல்லாத்தான் இருக்கு.”

“கால் வலின்னுதானப்பா விட்டீங்க?” என்றாள் மகள். அவர் அவள் தோளிலிருந்த பையை வாங்கிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார்.

“நில்லுங்க!”

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. வாத்தியக்காரர்கள், நடிகர்கள், விளக்குப் போடுகிறவர்கள், எல்லாரும் திரும்பினார்கள்.

“எனக்கு முன்னாடி ஒரு தூண் இருந்துச்சு” என்றேன். “வலது பக்கத்த நான் ஒரு நாள்கூடப் பாக்கல. இவர் நல்லா பண்ணாரா, மோசமா பண்ணாரான்னு எனக்குத் தெரியாது. இவர் இருந்தாருங்கிறதே இப்பத்தான் தெரியுது. ஒரே சீட்டுல உக்காந்து பாத்துட்டு, முழு நாடகத்தையும் பாத்தேன்னு ஊரெல்லாம் அளந்திருக்கேன். ஐயா சொல்றதுதான் சரி. தப்பு என் நோட்டுல.”

இயக்குநர் அப்படியே மேடை விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். “அச்சு அசல்னு ஊர் பூரா ஒட்டியிருக்கேனேக்கா!”

“கிழிச்சுப் போடு. இல்ல, அசலாக்கு. ஆள்தான் எதிர்லயே நிக்கிறாரே.”

அவள் என்னை முறைத்த முறைப்பை இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன். பிறகு எழுந்தாள். விளக்கு மாட்டுகிற இரும்பு ஏணியை வலது மூலைக்கு இழுத்து வரச் சொன்னாள். மணியை மேலே கட்டிக் கயிற்றைத் தொங்கவிட்டார்கள். பெரியவரால் நாலு படிக்கு மேல் ஏற முடியவில்லை. மகள் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டாள். நான் நடு வரிசையில், நட்டநடு சீட்டில் போய் உட்கார்ந்தேன்.

கடைசிக் காட்சியை மட்டும் ஓட்டினார்கள். இத்தனை நாள் அந்தத் துறைக்காரிப் பெண் என் நோட்டைப் படித்துக் காற்றைப் பார்த்துப் பாடியவள். இப்போது அங்கே ஓர் ஆள் நிற்கிறார். அவள் திரும்பினாள். மணி ஒன்று. மணி இரண்டு. அவர் கயிற்றை விட்டார். “நீ ஒருத்தன் போதும் எனக்கு” என்று அவள் அவர் கண்ணைப் பார்த்துப் பாடினாள். அவர் முகம் இருக்கிறதே, எப்படிச் சொல்வேன். தன் காதில் விழுந்தது தனக்குத்தானா என்று பயந்துபோய், பிறகு நம்பி, பாட்டு முடியுமுன்னே கையை நீட்டினார். அவளும் நீட்டினாள். எனக்குப் பின்னால் யாரோ சந்தோஷத்தில் சிரித்தார்கள். இது நான் பார்த்த நாடகமே இல்லை.

விளக்கு வந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். மகள் தட்டவில்லை, ஏணியை விடாமல் அண்ணாந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஒருவரையும் பார்க்கவில்லை. என்னை மட்டும் தேடிப் பிடித்தார்.

“எப்படிம்மா இருந்துச்சு?”

பிரமாதம் என்று சொல்லியிருக்கலாம். அது என் நாக்கில் வரவில்லை.

“ரெண்டாவது மணி கொஞ்சம் முந்திடுச்சு” என்றேன். “கைய நீட்டறதுலயும் அவசரம். அவங்க ‘எனக்கு’ன்னு முடிக்கட்டும், அதுவரைக்கும் பொறுங்க. முகம் நல்லா இருந்துச்சு. முகத்துல ஒண்ணையும் மாத்தாதீங்க.”

தங்கை என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

“ஆமாம்மா, ரெண்டாவது மணி முந்திடுச்சு. எனக்கே தெரிஞ்சுது” என்றார் அவர். கண்ணிலிருந்து தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அதைத் துடைக்காமலே கயிற்றை எட்டிப் பிடித்தார். “இன்னொரு தடவ பண்றேன். பாக்குறீங்களா?”