நாளுக்கு நான்கு விரற்கடை

சிக்னே ஸ்டென்ஸ்ருட் சுட்ட குண்டை 1957ஆம் வருடத்து இலையுதிர் காலத்தில் ஒரு நாய் துரத்திப் பிடித்தது. நாய்க்கும் சேதமில்லை, குண்டுக்கும் சேதமில்லை. கவ்விக்கொண்டு வந்து அவள் காலடியில் போட்டுவிட்டு வாலை ஆட்டியது. அந்த வருடம் மொன்டானாவில் எங்கள் பள்ளத்தாக்கில் ஆலங்கட்டி மழை இரண்டு முறை அடித்துக் கோதுமையில் பாதி போயிருந்தது. அதனால் லூத்தரன் தேவாலயத்து அறுவடைத் துப்பாக்கிச் சுடும் போட்டிக்கு வந்திருந்தவர்கள் ஆலங்கட்டியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவராக இருந்த டெல்மர் ப்ராட்டன் மட்டும் விதிகளை எடுத்துப் படித்துப் பார்த்தார். குண்டு தானாக இலக்குப் பலகைக்குப் போய்ச் சேர வேண்டும் என்று மட்டுமே அதில் எழுதியிருந்தது. நாயைக் கட்டிப் போடச் சொல்லிவிட்டு, சிக்னேயை இன்னொரு முறை சுடச் சொன்னார். இரண்டாவது குண்டு மைதானத்தைக் கடப்பதற்குள் அவர் ஒரு கோப்பை காப்பி ஊற்றிச் சர்க்கரையும் கலக்கிவிட்டார். நடுப்புள்ளியில் அது பட்டது. வழக்கம்போல முதல் பரிசான ஹாம், உப்பிட்ட முழுப் பன்றித்தொடை, சிக்னேக்குத்தான் போயிற்று.

அவள் துப்பாக்கி அவளுடைய அப்பாவுடையது. எருமை வேட்டைக் காலத்தில் செய்த நாற்பத்தைந்து-எழுபது ரகம், ஒரு தடவைக்கு ஒரே தோட்டா, சுண்டு விரல் நுழையும் குழல். முழு வெடிமருந்து போட்டால் கோவேறு கழுதை மாதிரி உதைக்கும். ஆண்களே இரண்டு தடவைக்கு மேல் சுடத் தயங்குவார்கள். சிக்னே பத்து வயதிலிருந்து சுட்டாள். உதை அவளுக்குப் பிடிக்கும். சுட்டு முடித்த மாலைகளில் தோளில் நாவற்பழ நிறத்தில் கன்றிப் போயிருக்கும். நடன விருந்துகளில் அதை மறைக்காத சட்டையைத்தான் போட்டுக்கொள்வாள். டயர் கடை வைத்திருந்த ஹால்வர், பேச வாய் வராமல் சுவரோரம் நிற்கிறவன், அந்தக் கன்றலைப் பார்த்துத்தான் மயங்கினான் என்று சிக்னேயின் தங்கை பெர்கிட் சொல்வாள். அவளைக் கட்டிக்கொண்ட ஹால்வர் அதை மறுத்ததில்லை.

எலும்பில் நோய் வந்தது 1955இல். முதலில் தோளில்தான் தெரிந்தது. துப்பாக்கியைத் தொடக் கூடாது என்று நகரத்து மருத்துவர் சொன்னார். சிக்னே அதற்குத் தலையாட்டிவிட்டு, திரும்பி வரும் வழியிலேயே தேவாலயப் போட்டி எந்த ஞாயிற்றுக்கிழமை என்று கேட்டாள். அதிலிருந்து அவளுக்கான தோட்டாக்களை ஹால்வர் செய்தான். டயர் கடையில் சக்கரங்களிலிருந்து கழற்றிய, எடை சமன் செய்யும் ஈயத் துண்டுகளை இரும்புச் சட்டியில் உருக்கினான். மேலே மிதக்கும் கசடை வழித்து எறிந்து, இடுக்கி மாதிரிக் கைப்பிடி வைத்த அச்சில் வார்த்தான். சூடு குறைந்தால் குண்டில் சுருக்கம் விழும், கூடினால் பனி படிந்த மாதிரி வெளுக்கும். இரண்டையும் சட்டியிலேயே திரும்பப் போட்டுவிடுவான். நல்ல குண்டின் பள்ளங்களில் தேன்மெழுகும் ஆட்டுக் கொழுப்பும் கலந்து தடவுவான். பழைய பித்தளைக் கூட்டின் வாயை லேசாக விரித்து, சின்னத் தராசில் மருந்தை நிறுத்து உள்ளே போடுவான். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் மருந்தைக் கொஞ்சம் குறைத்தான். அவள் தோள் எவ்வளவு தாங்கும் என்பதை, காலையில் அவள் கோட்டை மாட்ட எடுத்துக்கொள்ளும் நேரத்தை வைத்துக் கணித்தான். முதல் வருடம் துப்பாக்கி தள்ளியது, அடுத்த வருடம் தட்டியது, அதற்கடுத்த வருடம் தொட்டது. குண்டும் அதற்கேற்ப நிதானமாகப் போயிற்று. 1960இல் பிள்ளைகள் அதன் கூடவே பலகை வரைக்கும் நடந்து போனார்கள். ஆனால் எந்த வருடமும் அவள் குறி தப்பவில்லை.

1962 கோடை முடியும்போது சிக்னேயால் எழுந்து நடக்க முடியவில்லை. படுக்கையை மேற்கு ஜன்னலோரம் போட்டார்கள். அங்கிருந்து மேய்ச்சல் நிலமும், அதன் கடைசியில் இருநூறு கெஜம் தள்ளி அவள் பழகுவதற்கு நட்டிருந்த இலக்குப் பலகையும், அதற்குப் பின்னால் மலைத்தொடரும் தெரியும். முதல் பனி எந்தச் சிகரத்தில் விழுகிறது என்று பார்த்துச் சொல்வதில் அவளுக்கு ஒரு பெருமை உண்டு. அக்டோபரில் ஒரு நாள், ஹால்வர் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது, கரண்டியைத் தள்ளிவிட்டுச் சொன்னாள்:

“ஒரே ஒரு தோட்டா செஞ்சு குடு. அப்பா போட்ட மாதிரி, முழு மருந்து.”

“எலும்பு ஒடிஞ்சிடும், சிக்னே.”

“ஒடியட்டும். ஏழு வருஷமா எது என்னைத் தொட்டாலும் பஞ்சு சுத்திக்கிட்டுத்தான் தொடுது. நீயும் அப்படித்தான். ஒரு தடவை உதைக்கட்டும், ஹால்வர்.”

அவன் கொட்டகைக்குப் போய் முழு மருந்தை நிறுத்துக் கூட்டில் போட்டான். குண்டை மேலே வைத்து அழுத்தப் போனான். கை போகவில்லை. மருந்தைத் திரும்பக் கொட்டினான். மறுபடி போட்டான், மறுபடி கொட்டினான். கடைசியில் இரண்டு விரலால் உப்பு எடுக்கிற அளவுக்கு மட்டும் எடுத்துப் போட்டுக் குண்டை வைத்து மூடினான். வெளியே பார்ப்பதற்கு எந்த வித்தியாசமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பெர்கிட் வந்தாள். தலையணைகளை அடுக்கி அக்காவை நிமிர்த்தி உட்கார வைத்தாள். துப்பாக்கியின் குழலை ஜன்னல் விளிம்பில் மணல் பை மேல் வைத்தார்கள். முழுத் தோட்டாதானே என்று சிக்னே கேட்டாள். முழுசு என்று சொல்லி அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டு, ஹால்வர் ஜன்னலைத் திறக்கத் திரும்பினான். அவள் நிதானமாகக் குறி பார்த்து விசையை இழுத்தாள். ஜெபப் புத்தகத்தை மூடுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. குண்டு குழலிலிருந்து வெளியே வந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு சாண் தள்ளி, மதிய வெயிலில், நின்றது. நின்றது என்றுதான் ஹால்வர் முதலில் நினைத்தான். சட்டென்று துப்பாக்கியை உள்ளே இழுத்துத் திரையை மூடினான். சிக்னே கண்ணை மூடி, தோளைப் பிடித்துக்கொண்டு, தலையணையில் சாய்ந்திருந்தாள்.

“நல்லா உதைச்சுது,” என்றாள். “அப்பா போட்டதேதான்.”

வலிக்கிறதா என்று கேட்டான். வலிக்கிறது என்று சொல்லிச் சிரித்தாள்.

அன்றிலிருந்து ஒன்பது நாள் ஹால்வர் அந்தத் திரையைத் திறக்கவில்லை. வெளிச்சம் கண்ணுக்கு ஆகாது என்று மருத்துவர் சொன்னதாகச் சொன்னான். மருத்துவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. காலையில் எழுந்ததும் மலையில் பனி விழுந்துவிட்டதா என்று சிக்னே கேட்பாள். அவன் வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்து, சிகரத்தில் மட்டும் என்றோ, பாதி வரைக்கும் இறங்கிவிட்டது என்றோ சொல்வான். ஜன்னலைச் சுற்றித்தான் போக வேண்டும். ஒவ்வொரு காலையும் குண்டு நான்கு விரற்கடை தள்ளிப் போயிருக்கும். பத்தாம் நாள் விடியலில் அவள் இறந்தபோது அது ஒன்றரை முழம் போயிருந்தது. அடக்கம் முடிந்து, தேவாலயத்துப் பெண்கள் கொண்டுவந்த உருளைக்கிழங்கு ரொட்டியும் மீனும் மேஜையில் ஆறிக்கொண்டிருக்க, ஹால்வர் திரையை இழுத்துத் திறந்தான். பனி அடிவாரம் வரைக்கும் இறங்கியிருந்தது.

அதன் பிறகு ஆறரை வருடம் அந்தக் குண்டு மேய்ச்சல் நிலத்தைக் கடந்தது. தரையிலிருந்து ஹால்வரின் மார்பு உயரத்தில் போயிற்று. மாடுகள் இடிக்காமலிருக்க அவன் இரண்டு பக்கமும் கம்பி வேலி போட்டான். ஆலங்கட்டி அடித்தால் ஓடிப்போய் வாளியைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நிற்பான். 1964இல் ஒரு வானம்பாடி அதன் மேல் உட்கார்ந்து ஒரு பருவம் முழுக்கப் பாடியது. ஏன் கீழே விழவில்லை என்று பள்ளி ஆசிரியர் ஒருவர் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேட்டார். இந்த ஆண்டுக்கு நிதி இல்லை என்று பதில் வந்தது. டெல்மர் தன் விதவை அக்காவை ஹால்வருக்கு மணம் பேசிப் பார்த்தார், அவன் நன்றி சொல்லி அனுப்பிவிட்டான். தினமும் நான்கு மணிக்கு டயர் கடையைப் பூட்டிவிட்டு வந்து, குண்டின் பக்கத்தில் நின்று ஒரே ஒரு வாக்கியம் சொல்வான். முதலில் அது ஜெபம் என்று எல்லோரும் நினைத்தோம். வேலி சரிபண்ணப் போன டெல்மர்தான் காதில் வாங்கினார். பனி பாதி வரைக்கும் இறங்கியிருக்கிறது என்பான். கோடையாக இருந்தால், இன்றைக்குப் பனி இல்லை என்பான்.

பெர்கிட் அந்த வருடங்களில் அவன் வீட்டுப் பக்கம் வரவில்லை. 1969 மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குண்டுக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு முழத்துக்கும் குறைவாகத்தான் இருந்தது. அன்று பெர்கிட் சாலையில் கார் ஓட்டிப் போகும்போது, ஹால்வர் பலகையைக் கம்பத்தோடு பிடுங்கித் தோளில் சுமந்து பின்னால் கொண்டு போவதைப் பார்த்தாள். காரை அப்படியே நிறுத்திவிட்டு, ஆராதனைக்குப் போடும் காலணியோடு சேற்றில் இறங்கி வந்தாள்.

“அதை எங்க தூக்கிட்டுப் போற?”

இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்றான்.

“அவ வச்ச குறி. நகர்த்துறதுக்கு நீ யாரு?”

ஹால்வர் பலகையைக் கீழே போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னான். “அது முழுத் தோட்டா இல்ல, பெர்கிட். நான் ஏமாத்திட்டேன். அது தெரிஞ்சிடக் கூடாதுன்னு திரையையும் மூடிட்டேன். மலையைப் பார்க்காமலே போயிட்டா.”



“அவளுக்குத் தெரியும்,” என்றாள் பெர்கிட். “நீ ஜன்னலைத் திறக்கத் திரும்பினப்ப, தோட்டாவைக் காதுகிட்ட வச்சு ஆட்டிப் பார்த்தா. உள்ள மருந்து கலகலன்னுது. எனக்கே கேட்டுச்சு. முழுசா அடைச்ச தோட்டா சத்தம் போடாதுன்னு அவளுக்கா தெரியாது?”

“அப்புறம் ஏன் சுட்டா?”

“உன் கை நடுங்கிக்கிட்டே இருந்துச்சாம்.”

பெர்கிட் தொடர்ந்தாள். “நீ கடைக்குப் போன அன்னிக்கு நான் திரையைத் திறக்கப் போனேன். வேண்டாம்னுட்டா. ‘திறந்திருந்ததைப் பார்த்தா எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு நினைச்சுக்குவான். மூடியே கிடக்கட்டும், பாவம்’னா. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டா.”

இத்தனை வருடம் அதைக் காப்பாற்றினாயே என்றான்.

“சத்தியத்துக்காக இல்ல. உன்மேல இருந்த கோவத்துல. ஒரே ஒரு உதை கேட்டா, அதைக்கூட நீ குடுக்கல. கிடந்து தவின்னு விட்டுட்டேன். போதும், ஹால்வர். நானும் ரொம்ப நாள் விட்டுட்டேன்.”

அவன் ஈரப் புல்லில் உட்கார்ந்தான். பொய் சொன்னதை நினைத்து ஆறரை வருடம் அவன் அழுததில்லை, தினமும் வந்து நின்று அதைச் சுமந்தான், அவ்வளவுதான். இப்போது அவள் பொய்யை நினைத்து அழுதான். அவனுக்காக அவள் ஒன்பது காலைகள் இருட்டில் படுத்துக்கொண்டு, தெரிந்துகொண்டே, பனி விழுந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறாள். அவன் வந்து சொன்னதையெல்லாம் பார்த்தது மாதிரியே கேட்டுக்கொண்டிருக்கிறாள். முழு மருந்து போட்ட துப்பாக்கியின் உதையைத் தோளில் வாங்கினவன் மாதிரி அவன் வலது பக்கமாகச் சரிந்து கிடந்ததாகப் பெர்கிட் பிறகு எங்களிடம் சொன்னாள். அவன் எழுந்திருக்கும் வரை அவள் பக்கத்தில் நின்றாள். பிறகு இருவரும் பலகையைப் பழைய குழியிலேயே நட்டார்கள். அவள் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள், அவன் மண்ணை மிதித்து இறுக்கினான்.

குண்டு ஐந்தாம் நாள் பலகையைத் தொட்டது. அன்று வேலை நாளாக இருந்தும் பாதி ஊர் வந்திருந்தது. டெல்மர் நடுவர் என்ற முறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒரு அங்குலப் பலகையைத் துளைக்க அது காலையிலிருந்து மதியம் தாண்டியும் எடுத்துக்கொண்டது. மரத்தூள் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்தது. நடுப்புள்ளியில் பட்டது என்று டெல்மர் எழுந்து நின்று அறிவித்துத் தொப்பியைக் கழற்றினார். யாரும் கை தட்டவில்லை. குண்டு மறுபக்கம் வெளியே வந்து, அதே வேகத்தில், மலையைப் பார்த்துப் போயிற்று.

ஹால்வர் அதனுடன் வேலி வரைக்கும்தான் போனான். அங்கே டெல்மர் ஒரு கட்டையைக் கழற்றி வழிவிட்டார். ஏன் கூடப் போகவில்லை என்று கேட்டதற்கு, இனிமேல் அவளே பார்த்துக்கொள்வாள் என்று சொன்னான். டயர் கடைக்குத் திரும்பிப் போய் வழக்கம்போல வேலை செய்தான். 1981இல் இறந்தான். சிக்னேக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தோம்.

டெல்மரின் கோதுமை வயலில் அந்தக் குண்டுக்காக ஒரு வரப்பு அகலம் விதைக்காமல் விட்டார்கள். 1974இல் அது மாவட்டச் சாலையை அடைந்தது. கடக்க எண்பது நாள் ஆயிற்று. அந்த எண்பது நாளும் தானிய லாரிகள், குஞ்சுகளோடு போகும் கோழிக்கு ஒதுங்குகிற மாதிரி, வேகத்தைக் குறைத்துச் சுற்றிப் போயின.