பொதட்டூர்பேட்டையில் கடை இல்லை

பாஞ்சாலி பஸ்ஸை விட்டு இறங்கும்போதே ரத்தினம்மாளின் வயிறு எரியத் தொடங்கிவிடும். எண்ணெய் வழிய வாரிய பின்னல், அதில் கொத்தாகக் கனகாம்பரம், ஒரு கையில் பட்டாளத்துக் கடைச் சாமான் மூட்டை, இன்னொரு கையில் அம்மா வீட்டுத் தூக்கு. மூட்டையை அல்ல, அந்தத் தூக்கைத்தான் அவளால் பார்க்க முடியாது.

இருவரும் கே.ஜி.கண்டிகையில் ஒரே வீட்டு மருமகள்கள். ரத்தினம்மாளின் புருஷன் கஜபதி மூத்தவன். பாஞ்சாலியின் புருஷன் வேணு இளையவன். அண்ணனும் தம்பியும் ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்து, அசாம் பக்கம் எங்கேயோ லாரி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஜப்பான்காரனோடு சண்டை நடந்த காலம். அரிசிக்கும் சர்க்கரைக்கும் ஊரே அல்லாடியது. சிப்பாய்களின் குடும்பங்களுக்கு மட்டும் சர்க்கார் தனியாகக் கடை வைத்து அளந்து கொடுத்தது. அதுவும் எல்லா ஊரிலும் இல்லை. திருத்தணியில் ஒன்று, அம்மையார்குப்பத்தில் ஒன்று. யார் எந்தக் கடைக்குப் போக வேண்டும் என்பதை அட்டையிலேயே எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

ரத்தினம்மாளின் அட்டையில் திருத்தணி. பாஞ்சாலியின் அட்டையில் அம்மையார்குப்பம், அவள் பிறந்த ஊர்.

அட்டை வந்த அன்று ரத்தினம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். "பக்கத்துல திருத்தணி இருக்கறப்போ உன்னை எங்கியோ தள்ளிட்டானுங்களேடி!" மாமியார் கௌரியம்மாளும் ஆபீசில்தான் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று நினைத்தாள்.

அடுத்த வாரம் வேணுவின் கடிதம் வந்தது. பாஞ்சாலிக்கு எழுத்துக் கூட்டவும் தெரியாது. மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து ரத்தினம்மாள்தான் படித்துச் சொன்னாள்.

'உன் கடையை உங்க ஊரிலேயே கேட்டு வாங்கினேன். அம்மா உன்னை வருஷத்துக்கு ரெண்டு தடவைக்கு மேல் அனுப்பாது. இனிமேல் சாமான் வாங்கவாவது மாதாமாதம் அனுப்பித்தானே ஆகணும்? அம்மாவிடம் சொல்லாதே.'

பாஞ்சாலி முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள், பிறகு அழுதாள். ரத்தினம்மாள் கடிதத்தை மடித்து அவள் மடியில் போட்டுவிட்டு எழுந்தாள். அதே தபாலில் கஜபதியின் கடிதமும் வந்திருந்தது. 'நலம். மாடு நலமா? மழை உண்டா? கொல்லைக் கிணற்றில் தண்ணீர் எவ்வளவு?' அவ்வளவுதான்.

கரி போட்டு ஓட்டும் அந்தக் காலத்து பஸ் வழியில் எங்கே நிற்கும், எப்போது கிளம்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் பாஞ்சாலி போனால் இரண்டு ராத்திரி தங்கித்தான் வருவாள். ரத்தினம்மாள் விடியற்காலையில் திருத்தணிக்குப் போய், மலைக்கு வந்த மொட்டைத் தலைகளுக்கு நடுவே நசுங்கி, உச்சிக்குள் திரும்பி மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவாள். அவள் அம்மா வீடு பொதட்டூர்பேட்டை. தறிச் சத்தம் ஓயாத பெரிய ஊர். அம்மாவைப் பார்த்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

"அக்கா, எங்கம்மா உங்களுக்குன்னு எள்ளுருண்டை குடுத்தாங்க."

"எனக்குப் பல் வலி."

"போன மாசமும் பல் வலின்னீங்களே?"

"ஆங், வலிச்சிகினுதான் இருக்குது. உனக்கென்னடி?"

நாலாவது மாதம் அவளால் பொறுக்க முடியவில்லை. மாமியாருக்குச் சோறு போடும்போது மெதுவாகத் தொடங்கினாள். "ஒரே அடுப்பு, ரெண்டு கடை எதுக்கு அத்தே? மாசத்துல மூணு நாள் களையெடுக்க ஆள் இல்ல. நான் திருத்தணிக்குப் போறப்பவே அவ சாமானையும் தூக்கிகினு வந்துடமாட்டனா?"

கௌரியம்மாளுக்கு அது தேனாக இனித்தது. "நல்ல புத்தி சொன்ன. எழுதிக் குடுத்துட்டு வா."

பாஞ்சாலி கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தாள். மாமியார் கை கழுவப் போனதும் அருகே வந்தாள்.

"எழுதாதீங்க அக்கா. நான் வர நாளுன்னா எங்கம்மா காலையிலேயே பஸ் நிக்கற எடத்துல வந்து குந்திகினு இருப்பாங்க. பஸ் சாயங்காலம் வந்தாலும் எழுந்து போகமாட்டாங்க."

"எங்கம்மாவும் குந்துவாங்க. நான்தான் வர்றதில்ல," என்றாள் ரத்தினம்மாள். குரல் தனக்கே பிடிக்காத மாதிரி வந்தது. அதற்காக எழுதாமல் இருந்துவிடவில்லை.

மறுநாள் திருத்தணியில், சிப்பாய்க் குடும்பங்களின் அட்டைகளைப் பார்க்கும் ஆபீசில் மனுவை நீட்டினாள். குமாஸ்தா பரசுராமன் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு படித்தார், மூலையில் ஒரு நம்பர் போட்டார், பெரிய ரிஜிஸ்டரைத் தேடப் போனார்.

சுவரில் வரைபடம் ஒன்று மாட்டியிருந்தது. ஊர்களின் பக்கத்தில் சிவப்பு மையில் புள்ளிகள், இரண்டு இடத்தில் மட்டும் நீல வட்டம். ரத்தினம்மாள் தான் பிறந்த ஊரைத் தேடிக் கண்டுபிடித்தாள். கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. வட்டம் இல்லை.

"ஏனுங்க, இவ்ளோ பெரிய ஊரு. எங்களுக்கு ஏன் கடை இல்ல?"

"ஊரு பெருசா இருந்தா ஆச்சாம்மா? ஒரு புள்ளின்னா ஒரு சிப்பாய் வீடு. சுத்துப்பட்டுல இருபது புள்ளி சேந்தாத்தான் ஒரு கடை. அம்மையார்குப்பம் பக்கம் முப்பத்தாறு. உங்க பக்கம் தறியை விட்டு யாரு வந்தாங்க? பதினொண்ணுதான்."

அவர் ரிஜிஸ்டரைப் பிரித்து, விரலால் வரி வரியாக இறங்கி, நின்றார்.

"அட, இந்த வீடா! நல்லா ஞாபகம் இருக்குது, பட்டாளத்துல சேந்த கையோட அண்ணன் தம்பி ரெண்டு பேரும் இங்க வந்தாங்க. உசரமா, மீசை வெச்சிகினு ஒருத்தர், அவர்தான் உன் வீட்டுக்காரரா?"

புருஷன் பேரைச் சொல்லும் வழக்கம் இல்லாததால் ரத்தினம்மாள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"அரை மணி நேரம் என் உயிரை வாங்கிட்டாரும்மா. 'என் சம்சாரம் கடையைப் பொதட்டூர்பேட்டைன்னு எழுதுங்க'ன்னாரு. நானும் எழுதிட்டேன். அப்புறம் பாத்தா அங்க கடையே இல்ல. அடிச்சிட்டுத் திருத்தணின்னு போட்டேன். இதோ பாரு."

இங்கிலீஷ் எழுத்து அவளுக்குப் புரியவில்லை. ஆனால் ஒரு நீளமான வார்த்தையும் அதன் மேல் கிடந்த சிவப்புக் கோடும் தெரிந்தன.

"மனுஷன் நகரவே இல்ல. 'எங்கம்மா அவளை அம்மா வூட்டுக்கு அனுப்பாது சார், வேற வழி சொல்லுங்க'ன்னாரு. நான் என்ன பண்றது? கடைசியில பின்னால நின்னுகினு இருந்த தம்பியை இழுத்து முன்னால வுட்டாரு. 'இவன் மாமியார் ஊர்ல கடை இருக்குது இல்ல? இவனுக்காவது போடுங்க'ன்னாரு. அந்தப் பையனுக்கு அதெல்லாம் எங்க தோணுச்சு?"

ரத்தினம்மாள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். மாடு நலமா, மழை உண்டா என்று கேட்கிற மனுஷன், அரை மணி நேரம் பேசினானாம்! கிடைக்காமல் போனதை வாய் திறந்து சொல்லுகிற பிறவி அல்ல அவன். நெஞ்சு நிறைந்து வந்தது. அது நிறைந்து முடிவதற்குள், தன் புருஷன் யோசித்த யோசனையில் அந்தப் பாஞ்சாலி அல்லவா நாலு மாதமாகப் பூ வைத்துக்கொண்டு வருகிறாள் என்று இன்னொரு பக்கம் சுருக்கென்றது.

பரசுராமன் பேனாவை மையில் தோய்த்தார். "சரி, தம்பி சம்சாரத்தையும் திருத்தணிக்கு மாத்திடட்டுமா?"

"வேணாங்க. அந்த மனுவைக் குடுத்துடுங்க."

"நம்பர் போட்டாச்சேம்மா!"

"எங்க ஊர் பேர் மேல போட்டீங்களே, அது மாதிரி இதுக்கும் ஒரு கோடு போட்டுடுங்க."

வீட்டு வாசலிலேயே கௌரியம்மாள் காத்திருந்தாள். "என்ன சொன்னான்?"

"சண்டை முடியற வரைக்கும் மாத்தமாட்டாங்களாம் அத்தே. அவ அங்கதான் போயாகணுமாம்."

கௌரியம்மாள் சர்க்காரைத் திட்டிக்கொண்டே கொல்லைப் பக்கம் போனாள். பாஞ்சாலி அடுப்படியில் அழுத கண்ணோடு நின்றாள். ஓடி வந்து ரத்தினம்மாளின் கையைப் பிடித்தாள்.

"நெஜமாவா அக்கா? மாத்தவே முடியாதாமா?"

"கையை வுடுடி, வேர்வை. அந்தத் தூக்குல எள்ளுருண்டை மிச்சம் இருக்குதா?"

"பல் வலி?"

"இப்ப இல்ல."

ஒன்றை வாயில் போட்டு மென்றாள். நன்றாகத்தான் இருந்தது. "உங்கம்மாவுக்கு வெல்லத்துல கை நீள மாட்டேங்குது," என்று சொல்லிவிட்டு இன்னொன்றை எடுத்துக்கொண்டாள்.

பிறகு வெளிச்சம் இருக்கும்போதே கார்டும் பென்சிலுமாக உட்கார்ந்தாள்.

'நலம். மாடு நலம். மழை இல்லை. கிணற்றில் இடுப்பளவு தண்ணீர். இன்று ஆபீசுக்குப் போயிருந்தேன். ரிஜிஸ்டரைப் பார்த்தேன்.' அடுத்து என்ன எழுதுவது என்று தெரியாமல் பென்சிலைக் கடித்தாள். கார்டில் நாலு வரிக்குத்தான் இடம் இருந்தது.

'எங்கள் ஊர்ப் பக்கத்தில் இன்னும் ஒன்பது வீடு சேர்ந்தால் அங்கேயும் கடை வருமாம். உங்கள் பட்டாளத்தில் அந்தப் பக்கத்து ஆட்கள் யாராவது வீட்டு விலாசம் மாற்றி எழுதியிருந்தால், பிடித்து உலுக்கித் திருத்தி எழுதச் சொல்லுங்கள். தம்பியிடம் இதைச் சொல்ல வேண்டாம். அவருக்குத்தான் கடை இருக்கிறதே.'