ஆறாவது வாரத்து ரத்தம்

காலிங் பெல் விடாமல் அலறியது. கதவைத் திறந்தால், ரத்தம் எடுக்க வந்த லேப்காரர் தோளில் பெட்டியுடன் நின்றார். ஒன்பது மணிக்கு வரச் சொன்னவர் ஏழு மணிக்கே வந்துவிட்டார். நாட்டில் கடமை உணர்ச்சி அவ்வளவு பெருகியிருந்தது.

"என்னங்க, ஆள் வந்தாச்சு" என்று குளியலறைப் பக்கம் குரல் கொடுத்தாள் மனைவி.

கிரேன் ஆபரேட்டரான கணவர் வெளியே வந்தார். பனியன்கூட இல்லை. தோளிலிருந்து மணிக்கட்டு வரை இரண்டு கைகளும் பளபளத்தன.

"என்ன கோலம் இது? குஸ்திக்குக் கிளம்பிட்டீங்களா?"

"டாக்டர் குடுத்த ஜெல்லுடி. கொஞ்சம் தாராளமா போட்டிருக்கேன்."

"தோள்ல மட்டும்தானே தடவச் சொன்னாங்க?"

"இன்ஸ்பெக்டர் வர்ற அன்னைக்குக் காலையில நாங்க கிரேனுக்கு ஒரு டப்பா கிரீஸ் அடிப்போம். எங்க யார்டுல இதுவரைக்கும் ஒரு கிரேன்கூட ஃபெயிலானதில்ல, தெரியுமா?"

இதற்கு மேல் அறிவியல் பேச அவளால் முடியவில்லை. லேப்காரர் அந்தப் பளபளப்பின் நடுவே பஞ்சால் பெயருக்கு ஒரு துடை துடைத்துவிட்டு, ஊசியை இறக்கினார்.

நாலு மாதம் முன்பு, கன்டெய்னர் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்க, ஆபரேட்டர் சீட்டிலேயே தூங்கிவிட்டார். சோதித்ததில் டெஸ்டோஸ்டிரோன் தரைமட்டம். கம்பெனி அவரைக் கீழே இறக்கி, கேட்டில் லாரி நம்பர் எழுத உட்காரவைத்தது. இந்த வெள்ளிக்கிழமைக்குள் டாக்டர் கடிதம் வராவிட்டால் அந்த சீட் அதே யார்டில் இருக்கும் சகலைக்கு. சகலை ஏறுவதைக்கூட அவள் தாங்கிக்கொள்வாள். அதைப் பற்றித் தங்கை தினமும் போனில் அக்கறையோடு விசாரிப்பதைத்தான் தாங்க முடியாது.

அந்த ஹார்மோன் ஜெல்லைக் கொடுத்த பிறகு எடுத்த முதல் டெஸ்டில் அளவு ஓர் அங்குலம்கூட ஏறவில்லை. டாக்டரம்மா டோஸை இரட்டிப்பாக்கினார். "டோஸ் மாத்தின மறுநாளே டெஸ்டுக்கு ஓடாதீங்க. ஆறு வாரம் தினமும் தடவுங்க. டெஸ்ட் அன்னைக்கும் தடவிட்டு, ரெண்டு மணி நேரம் கழிச்சு ரத்தம் குடுங்க" என்று படித்துப் படித்துச் சொன்னார்.

அந்த ஆறு வாரமும் ஆபரேட்டர் வீட்டுக்குள் சிங்கமாக உலவினார். "புது டோஸ், சும்மா ஜிவ்வுன்னு இருக்கு" என்று பக்கத்து வீட்டுக்காரர் வரை பறைசாற்றினார். சிங்கம் எட்டு மணிக்கே டி.வி. முன்னால் குறட்டை விட்டது வேறு விஷயம்.

வியாழக்கிழமை டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்தார். ஆபரேட்டரைப் பார்த்தார். மறுபடியும் ரிப்போர்ட்டைப் பார்த்தார்.

"இருக்க வேண்டியதைவிட மூணு மடங்கு."

ஆபரேட்டர், பள்ளியில் ஒருநாளும் கிடைக்காத முதல் ரேங்க் கிடைத்த பெருமையுடன் மனைவி பக்கம் திரும்பினார்.

"சந்தோஷப்படாதீங்க. இந்த அளவுல இருந்தா ரத்தம் கெட்டியாகும், ஹீமோகுளோபின் ஏறும். ஆனா உங்களுக்கு அது பழைய இடத்துலயே நிக்குது. அதுதான் எனக்குப் புரியல. எதுக்கும் மருந்தை இன்னைக்கே நிறுத்திடுங்க. லெட்டர் இப்ப தர முடியாது."

மனைவியின் காதில் தங்கையின் போன் மணி அடிக்கத் தொடங்கியது. இனி மூடி மறைத்துப் பயனில்லை.

"டாக்டர், அன்னைக்கு ஊசி குத்தின இடத்துலயே இவரு ஜெல்லைப் பூசியிருந்தார். கை முழுக்க."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப தோல்ல இருந்த மருந்தும் ஊசியில சேர்ந்து வந்திருக்கும். இந்த நம்பரை வெச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாது. சரி, நிறுத்த வேண்டாம். ஆறு வாரம்தான் முடிஞ்சிருச்சே, நாளைக்கே சுத்தமான கையில எடுத்துடலாம். லெட்டரும் நாளைக்கே தரப் பார்க்கறேன். தினமும் தடவிட்டுத்தானே இருக்கீங்க?"

ஆபரேட்டர் மின்விசிறியைப் பார்த்தார். மனைவி ஆபரேட்டரைப் பார்த்தாள். மின்விசிறியைப் பார்த்தபடியே அவர் கேட்டார்:

"டாக்டர், அந்த ஆறு வாரத்தை நாளையில இருந்து எண்ணிக்கலாமா?"