அடக்கமான சைலன்சர்

எங்கள் டிராக்டர் என் மச்சினனைவிட மூத்தது. அவனைவிட ஒழுங்காக வேலையும் செய்யும். இப்படித்தான் நான் பேசுவேன், அதாவது அவன் காதில் விழாதபடி.

அவன் என் மனைவியின் தம்பி. நிலம் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் டிராக்டரும் இருவருக்கும் பொது. விதைக்கும்போது நான் ஓட்டுவேன், அவன் இடது மட்கார்டில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து விதைக் கருவியின் குழாய்களைக் கவனிப்பான். குழாய் அடைத்தால் என் தோளில் ஒரு தட்டு, நிறுத்த வேண்டும். சரியானதும் இரண்டு தட்டு, போகலாம். அந்த இரைச்சலில் எங்களுக்குள் வேறு பேச்சு கிடையாது.

அதனால்தான் அங்கே நான் பெரிய பேச்சாளன். வீட்டில் என் சொல் எடுபடாது. மச்சினன் முகத்துக்கு நேராகக் குறை சொல்லவும் தைரியம் பத்தாது. டிராக்டரில் ஏறிவிட்டாலோ, அவன் சாப்பிடுகிற விதத்திலிருந்து நடக்கிற நடை வரை ஒன்று விடாமல் வாய்விட்டுத் திட்டித் தீர்ப்பேன். இறங்கும்போது மனசு லேசாகியிருக்கும். "வா மாப்ள, சாப்பிடலாம்" என்று அன்பாகக் கூப்பிடுவேன்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த நாளில் சைலன்சர் அடிப்பக்கம் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. வேறு மாட்டப் பட்டறைக்குப் போனோம். பட்டறைக்காரர் மூன்று வகை காட்டினார். ஒன்று, மேலே நீட்டிக்கொண்டு நிற்கும் வெறும் குழாய். இன்னொன்று, எங்கள் பழையதைப் போன்ற குட்டை உருளை. மூன்றாவது, உள்ளே இரண்டு அறை வைத்த நீளமான சைலன்சர், சத்தமே வராதாம்.

ஒரு வாரமாக நான் செல்போனில் இதைப் பற்றியே வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்ததை எங்காவது கொட்ட வேண்டாமா? புகை வெளியேறும் வேகம், பேக் பிரஷர், இன்ஜின் ஆயுள் என்று பட்டறைக்காரருக்கே பாடம் எடுத்தேன். பாவம், அவர் கையில் வெல்டிங் கம்பியோடு தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"பழைய மாதிரி உருளையே போதும் மாமா" என்றான் மச்சினன்.

"காது என்ன ஆகும்னு யோசிச்சியா? ரெண்டு அறைதான் மாப்ள. நான் சொல்றேன்ல."

அவன் இன்னும் இரண்டு முறை உருளை, உருளை என்றான். நான் விடவில்லை. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைத்தான் பேரம் வேறு பேசி வாங்கி வந்தேன்.

மறுநாள் விதைப்பு. இன்ஜின் பூனை மாதிரி மெல்ல உறுமியது, எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டாவது சுற்றில் ஒரு குழாய் அடைத்துக்கொண்டது. அவன் தாமதமாகத் தட்டினான். அதற்குள் ஒரு வரிசை விதையில்லாமல் போய்விட்டது. பழக்கதோஷத்தில் என் வாய் தானாகத் திறந்தது.

"தூங்குமூஞ்சி. இவன்கூட எவ குடும்பம் நடத்துவா? அதான் அவ போயிட்டா."

போன வருடம் அவன் மனைவி அவனை விட்டுப் போய்விட்டாள். அதைப் பற்றி எங்கள் வீட்டில் ஒருவரும் வாய் திறந்ததில்லை. நான் மட்டும் டிராக்டரில் தினமும் திறந்திருக்கிறேன்.

தோளில் அந்த இரண்டு தட்டு விழவில்லை. திரும்பினேன். தட்ட எடுத்த கை அப்படியே நின்றிருந்தது. முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தான். பிறகு இறங்கி, வரப்பில் ஏறி, தன் வீட்டைப் பார்த்து நடந்தான்.

அடுத்த நாள் அவன் வரவில்லை. நான் தனியாக ஓட்டினேன். முன்னால் பார்த்தால் குழாய் அடைத்தது, பின்னால் பார்த்தால் வண்டி கோணலாகப் போனது. எனக்கு விதைப்பு முக்கியமில்லை. மட்கார்டு காலியாக இருந்ததுதான் தாங்கவில்லை. எனக்கென்று இருக்கிற ஒரே சிநேகிதன் அவன்தான் என்பது, திட்ட ஆளில்லாமல் போன பிறகுதான் உறைத்தது.

"அவனை என்ன சொன்னீங்க?" என்றாள் மனைவி.

"ஒண்ணும் சொல்லலையே."

"ஒண்ணும் சொல்லாததுக்கா அவன் சாப்பிடாம கிடக்கான்?"

மன்னிப்புக் கேட்கத்தான் அவன் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்து "சொல்லுங்க மாமா" என்றான். அவன் கண்ணைப் பார்த்ததும் பெரிய ஸ்பேனர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டேன். எடுத்துக் கொடுத்தான். வாங்கிக்கொண்டு வந்தேன், என்னைப்போல ஒரு வீரன் உண்டா?

அங்கிருந்து நேரே பட்டறை.

"ரெண்டு அறை நல்லாத்தானே இருக்கு? ஏதோ பிரஷர்னு அவ்வளவு சொன்னீங்க" என்றார் பட்டறைக்காரர்.

"அதெல்லாம் நமக்குச் சரிப்படாது. உருளையையே மாட்டுங்க."

உருளையை மாட்டிக்கொண்டு, காது கிழியும் சத்தத்தோடு மச்சினன் வாசலில் போய் நின்றேன். வெளியே வந்தான். சைலன்சரைப் பார்த்தான். உள்ளே போய்த் தொப்பியை எடுத்து வந்து, மட்கார்டில் ஏறிக்கொண்டான்.

வயலின் நடுவில் வாயைத் திறந்தேன். "தப்பா பேசிட்டேன் மாப்ள, மன்னிச்சுடு." என் காதுக்கே கேட்கவில்லை. கேட்கக்கூடாததையெல்லாம் கணீரென்று கேட்க வைத்துவிட்டு, கேட்க வேண்டிய ஒன்றைப் புகையோடு விட்டுக்கொண்டிருந்தேன். இன்ஜினை நிறுத்தும் கம்பியை இழுத்தேன்.

சத்தம் சட்டென்று அடங்கியது. மச்சினனின் குரல் மட்டும் அடங்கவில்லை.

"...வீடு தேடி வந்து ஸ்பேனர் கேக்குது, மூஞ்சியப் பாரு. இந்த ஆளை நம்பி எங்கக்காவைக் குடுத்தோமே."

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. உருளை, உருளை என்று அவன் ஏன் அடம்பிடித்தான் என்பது எனக்கும் அப்போதுதான் விளங்கியது.

"எவ்வளவு நாளா?" என்றேன்.

"உங்க கல்யாணத்துலேர்ந்து."

இனி எனக்கு என்ன மானம்? "அவ போனதைப் பத்தி நான் அப்படிப் பேசியிருக்கவே கூடாது. மன்னிச்சுடு மாப்ள" என்றேன்.

அவன் குழாய்களையே பார்த்துக்கொண்டிருந்தான். "அவ ஏன் போனான்னு எனக்கே தெரியாது மாமா. நீங்க சொன்னதும், ஒருவேளை அதான் காரணமோன்னு..."

நான் அவன் பக்கம் திரும்பினேன்.

"நான் சொல்றதையெல்லாம் நம்புவியாடா? அந்த சைலன்சரைத் தேர்ந்தெடுத்தவன்டா நான்."

அவன் என் தோளில் இரண்டு தட்டுத் தட்டினான், வழக்கத்தைவிடக் கொஞ்சம் ஓங்கியே. நான் வண்டியைக் கிளப்பினேன்.