ஒரு முக்காலி அளவு இடம்

குடலிறக்க ஆபரேஷன் முடிந்து லேபுக்குத் திரும்பிய அன்றே, பல்செட் கட்டுகிற அண்ணன் யாரோ ஒருத்தருடைய மேல்வரிசைப் பற்களை மொத்தமாகத் தரையில் கொட்டினார். கைகலப்பெல்லாம் இல்லை. ஜன்னலோரத்தில் தன் பழைய முக்காலியில் 'அப்பாடா' என்று உட்கார்ந்து, பழக்கதோஷத்தில் முழங்கையை நீட்டினார். மெழுகில் பதித்து வைத்திருந்த வரிசை தொப்பென்று விழுந்தது. பற்கள் மூலைக்கொன்றாக ஓடின.

"அய்யோ! காலையிலேர்ந்து அடுக்கினது!" மெழுகுக் கத்தியோடு ஓடிவந்தாள் புதிதாக வேலைக்கு வந்திருந்த பெண் ஒருத்தி.

"என் இடத்துல நீ ஏம்மா அடுக்கினே?"

அவள் குனிந்து பற்களைப் பொறுக்கினாள். அண்ணன் சூப்பர்வைசரிடம் போனார்.

"ப்ளேஸ் எல்லாம் கொஞ்சம் மாத்தியிருக்கோம்ணே."

"சரி, என்னுது எங்க?"

"இப்போதைக்கு எங்க கிடைக்குதோ உட்காருங்களேன்."

கிடைத்தது கழிவறை வாசல் மட்டும். அங்கேயும் வாளி உட்கார்ந்திருந்தது. நேரே முதலாளி அறைக்குப் போனார். முதலாளி எழுந்துவந்து தோளில் கைபோட்டார்.

"நீங்க இல்லாத லேபா? உங்களுக்குன்னு எப்பவும் ஒரு ப்ளேஸ் இருக்கு. என் மனசுல."

"மனசுல மெழுகு உருக்க பர்னர் பத்தவைக்க முடியாது சார். எந்த பெஞ்ச்? விரலை நீட்டிக் காட்டுங்க."

"முதல்ல உடம்பைப் பாருங்க. டென்ஷனானா தையல் பிரிஞ்சிடும்."

அண்ணனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த வேலையை விட்டால் அவருக்கு வேறொன்றும் தெரியாது. இத்தனை வாய்க்குப் பல் கட்டிக் கொடுத்தவரிடம் வாய் திறக்க ஒருத்தனுக்கும் மனசு வரவில்லையே!

அந்த நேரம் பார்த்து மனைவியின் போன். "நிக்காதீங்கன்னு டாக்டர் சொன்னாரே, உட்கார்ந்துட்டீங்களா?"

"உட்கார்ந்தாச்சு, உட்கார்ந்தாச்சு! வை!" என்று நடுவழியில் நின்றபடி கத்தினார்.

ஜன்னலோரம் அந்தப் பெண் இன்னும் தேடிக்கொண்டிருந்தாள். கோபம் ஒரு பக்கம் இருந்தாலும், கொட்டியது யார்? முனகிக்கொண்டே மண்டிபோட்டு மேசைக்கடியில் கைவிட்டு ஒரு கோரைப்பல்லை எடுத்துக் கொடுத்தார்.

"குனியாதீங்கண்ணே, தையல்..."

"நீயுமா? என் தையலைப் பத்தி லேபே பேசி முடிச்சாச்சு! நான் எங்க உட்காரணும்னு மட்டும் ஒருத்தனும் சொல்லமாட்டேங்கறான். நீயாவது வாயைத் திற!"

அவள் சூப்பர்வைசர் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு தரையிலேயே, அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள்.

"எங்கயும் இல்லண்ணே. உங்க வேலைக்குத்தான் என்னை எடுத்திருக்காங்க. நீங்க ஆஸ்பத்திரியில இருந்தப்பவே."